தராசு யாரு கையில இருக்கு?

மீன்பிடித் தடைக்காலம் ஓடிட்டு இருக்கு, மண்டபம் ஜெட்டில விசைப்படகெல்லாம் வரிசையா கட்டிக் கிடக்கு. சித்தப்பா மகன் இன்ஜினை பிரிச்சுப் போட்டு வேலை பார்த்துக்கிட்டே கேட்டான், "அண்ணே, இந்த சிப் செய்ற மிஷின் விக்கிற கம்பெனில அடுத்து யாரு யாரை வாங்குவான், முன்னாடியே ஷேர் வாங்கி வச்சிரலாமா"ன்னு. அங்க வச்சு அரைகுறையா சொன்னேன், இங்க முழுசா எழுதுறேன்.

பெரிய கைன்னா அஞ்சுதான். நெதர்லாந்து ஏஎஸ்எம்எல், ஜப்பான் டோக்கியோ எலக்ட்ரான், அமெரிக்காவுல அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச், கேஎல்ஏ. இவங்களுக்குள்ள பேசி முடிக்கப் பார்த்த பெரிய சம்பந்தம் ரெண்டும் நின்னு போச்சு. 2013ல அப்ளைடும் டோக்கியோ எலக்ட்ரானும் ஒண்ணாகப் போறோம்னு அறிவிச்சு, போட்டி குறைஞ்சிரும்னு அமெரிக்க அரசோட நீதித்துறை ஒத்துக்காம 2015 ஏப்ரல்ல கைவிட்டாங்க. அதே வருஷம் அக்டோபர்ல லாம், கேஎல்ஏவை 1,060 கோடி டாலருக்கு வாங்குறேன்னு வந்துச்சு, அடுத்த அக்டோபர்ல அதையும் கைவிட்டாங்க.

இந்த ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம். லாம் சிப்புல அரிக்கிற, படலம் படிய வைக்கிற மிஷின் செய்யுது, கேஎல்ஏ அந்த வேலை சரியா வந்திருக்கா, எங்க குறைன்னு அளக்குற மிஷின் செய்யுது, லாமோட போட்டிக்காரங்களுக்கும் அந்த அளவுக் கருவிதான் வேணும். ரெண்டும் ஒரே கையில போனா எங்க அப்பா இறால் போட்ட இடம் மாதிரிதான், அங்க வாங்குற ஏவாரிதான் தராசுக்கும் சொந்தக்காரரு, விடியக்காலம் டார்ச் அடிச்சு நம்பரைப் பார்ப்போம், தட்டு ஈரமா இருக்கும், கூடைக்கு இவ்வளவு தண்ணிக் கழிவுன்னு அவரே சொல்லி அவரே எழுதிக்குவாரு, முன்பணம் வாங்கியிருக்கதால வேற இடத்துக்கும் தூக்கிட்டுப் போக முடியாது. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்த டீல் நின்னதுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இன்னொண்ணு, அமெரிக்கா மட்டும் சரின்னா போதாது. 2019ல அப்ளைடு, ஜப்பான்ல சிப் மிஷின் செய்ற கொக்குசாய் எலக்ட்ரிக்கை 220 கோடி டாலருக்குப் பேசி, அப்புறம் 350 கோடிக்கு ஏத்தியும் சீனாவோட அனுமதி வரல, 2021 மார்ச்சுல ஒப்பந்தம் முறிஞ்சு அப்ளைடு 15 கோடி டாலருக்கு மேல கட்டிட்டு வந்துச்சு. கொக்குசாய் 2023ல தனியா டோக்கியோ பங்குச்சந்தைக்கு வந்துருச்சு.

நடக்குற டீல் வேற மாதிரி. 2013ல ஏஎஸ்எம்எல், வெளிச்சக் கருவி செய்ற சைமரை வாங்குனது சரியான வேலைன்னு நினைக்கிறேன், ஏன்னா சிப்புல ரொம்ப நுணுக்கமான கோட்டை வெளிச்சத்தால பதிக்கிற ஏஎஸ்எம்எல்லோட ஈயூவி மிஷின்ல செகண்டுக்கு 50,000 தகரத் துளியை லேசரால அடிச்சு வெளிச்சம் எடுக்கணும், அந்த வெளிச்சம் பத்தாமதான் மிஷின் வருஷக்கணக்கா தள்ளிப் போச்சு. இன்னைக்கு ஈயூவி விக்கிறது உலகத்துல அவங்க ஒருத்தர்தான்.

அதனால தம்பிகிட்ட சொன்னேன், அஞ்சுல ரெண்டு சேரும்னு நம்பி காசு போடாத, உதிரிபாகம், அளவுக் கருவி செய்ற சின்ன கம்பெனியைப் படி. நாசிலை டீசல்ல கழுவிக்கிட்டே "பேரு எழுதிக் குடுண்ணே"ன்னான். ராத்திரி உக்காந்து எழுதணும்.