ஆறில்லா ஊரார் ஆரே கரையில்

ஜூலை மாதம், வேலைநாள், மத்தியானம் பன்னிரண்டரை. சுவிஸ் பாராளுமன்றத்துக்கு நேர் கீழே ஓடும் ஆற்றில் வெறும் தலைகள் வரிசையாக மிதந்து போகும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர் பாலத்தில் நின்று இதைக் கண்டால் வாயில் முதலில் வருவது, "ஐயோ, ஆரையோ ஆறு கொண்டுபோகுது!" கொஞ்சம் நின்று பார்த்தால்தான் தெரியும், அந்தத் தலைகள் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டு போகின்றன. ஒன்று கறுப்புக்கண்ணாடி போட்டிருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வர்ணச் சாக்கு மிதக்கும். கந்தோரில் வேலை செய்பவர்கள்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆற்றில் போய்விட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள்.

ஆற்றின் பெயர் ஆரே. "ஆறு ஆரே" என்று நம்மவர் பகிடி விடுவார்கள். பேர்ண் நகரத்தின் பழைய பகுதியை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. 1191 இல் நகரத்தை இந்த வளைவுக்குள் கட்டியதே அதை அகழியாக வைத்துத்தான். 1848 முதல் கூட்டாட்சி அரசு இருக்கும் இடமும் இதுதான். ஆனாலும் ஒரு தலைநகரத்துக்குரிய எடுப்பு ஒன்றும் இங்கே கிடையாது. நாடாளுமன்ற முற்றத்தில் 26 மாநிலங்களுக்கு 26 நீர்த்தாரைகள் நிலத்திலிருந்து பாயும், பிள்ளைகள் உடுப்போடு நனைவார்கள், ஒருவரும் ஏசமாட்டார்கள்.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் காட்டுவதற்கு ஒரு சுற்று உண்டு. சைற்குளொக்கே மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னே போய் நிற்க வேண்டும். பொம்மைகள் முழு மணிக்குச் சற்று முன்னதாகவே ஆடத் தொடங்கிவிடும். அங்கிருந்து கிராம்காசெ 49, ஐன்ஸ்டைன் இருந்த வீடு. பிறகு கரடிப் பூங்கா, றோசென்கார்ட்டன் மேட்டில் படம் பிடிப்பு. மழை பெய்தாலும் கடைத்தெருவில் வளைவுக் கூரைக்குக் கீழே நனையாமல் நடக்கலாம். பின்னேரம் வாபேர்னிலிருந்து கயிற்று ரயிலில் 858 மீற்றர் உயரக் குர்ட்டன் மலை. ஒரு நாளில் முடித்துவிடலாம். இவ்வளவையும் காட்டும் நாம், ஆற்றை மட்டும் பாலத்தில் நின்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுதான் எனக்குப் பெரிய மனக்குறை.

காரணம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். நமக்குத் தண்ணீர் என்றால் கிணறு. மேலே துலா, கீழே வாளி, பக்கத்தில் உடுப்புத் தோய்க்கும் கல். தண்ணீரை நாம் அள்ளித் தலையில் ஊற்றுவோமே தவிர, தண்ணீர் நம்மை அள்ளிக்கொண்டு போனதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. குளிப்பதென்றால் நமக்குச் சவர்க்காரம், தலைக்கு அரப்பு, அழுக்குப் போக வேண்டும். ஆரேயில் போய்விட்டு வந்தவர் வீட்டில் திரும்பவும் குளிக்கிறார் என்றால், "அப்ப அங்க என்ன செய்தனீர்?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

இறங்க நினைப்பவர்களுக்கு முறை இது. முதலில் தண்ணீரின் வெப்பநிலையோடு ஓட்டத்தின் அளவையும் பாருங்கள். இரண்டையும் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஆறு பனிமலையில் பிறந்து பிறியென்ஸ், தூன் ஏரிகளைக் கடந்து வருகிறது. நடுக் கோடையில்தான் 20 பாகையைத் தாண்டும். 18 க்குக் கீழே புதியவர் இறங்க வேண்டாம். கால்மணி நேரத்தில் விரல்கள் விறைத்துவிடும், விறைத்த விரலால் கரையேறும் படியின் கைக்கம்பியைப் பிடிக்க முடியாது. இடிமழைக்கு அடுத்த நாள் பச்சைத் தண்ணீர் மண்ணிறமாகி மரக்கட்டைகளோடு வரும். அன்று எவ்வளவு வெயில் எறித்தாலும் கரையில் இருங்கள்.

மார்ட்சிலி குளிப்பிடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பாராளுமன்ற மேட்டிலிருந்து 105 மீற்றர் நீளமான குட்டிக் கயிற்று ரயில் அங்கே இறக்கிவிடும். 1885 முதல் ஓடுகிறது. அங்கே உடுப்பு மாற்றிக்கொண்டு கரைவழியே ஆற்றுக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். முதல் முறை என்றால் ஷோனாவ் நடைபாலம் வரை போதும். பழகியவர்கள் ஐக்ஹோல்ட்ஸ் புல்வெளி வரை, ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் போவார்கள். செருப்பு, துவாய், திறப்பு எல்லாம் நீர்புகாச் சாக்குக்குள். சாக்கின் வாயைக் குறைந்தது மூன்று தரம் இறுக்கிச் சுருட்டிப் பூட்ட வேண்டும். இரண்டு சுருட்டோடு விட்டால் கைத்தொலைபேசி ஈரமாகும். உள்ளே கொஞ்சம் காற்று இருந்தால்தான் சாக்கு மிதக்கும். அதை உயிர்காக்கும் மிதவை என்று எண்ணிவிடாதீர்கள்; உடம்போடு கட்டவும் வேண்டாம்.

உடுப்பில்தான் நம் பெண்கள் தயங்குகிறார்கள். சல்வாரும் பருத்திச் சட்டையும் தண்ணீர் குடித்துக் கனக்கும், அகலக் கால் கம்பியில் மாட்டும். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை ஒட்டிய காற்சட்டையும் நீச்சலுக்கென்றே விற்கிறார்கள். வெயிலுக்காக இங்குள்ளவர்களே போடுகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பாலத்திலிருந்து குதிப்பவர்களைப் பார்த்துக் குதிக்க வேண்டாம். படியால் இறங்கி முகம், பிடரி, நெஞ்சு என்று நனைத்து, மூச்சுச் சீரான பிறகு கையை விடுங்கள். விட்டதும் ஒரு சத்தம் கேட்கும். காது தண்ணீருக்குள் போன உடனே, சட்டியில் எள்ளு வெடிப்பதுபோல ஓயாத சிறு சரசரப்பு. ஆற்றின் அடியில் கூழாங்கற்கள் உருண்டு ஒன்றோடொன்று உரசும் சத்தம் அது. மேலே எழும்பினால் நின்றுவிடும், தாழ்ந்தால் திரும்பவும் தொடங்கும். கரையில் நிற்பவருக்கு இது கேட்காது. பேர்ணில் பார்க்கவேண்டியவற்றில் இதை நான் முதலாவதாக வைப்பேன்.

வெளியே வருவதுதான் வித்தை. ஐக்ஹோல்ட்ஸும் மார்ட்சிலியும் இடக்கரையில் இருப்பதால், தொடக்கம் முதலே இடக்கரையை ஒட்டியே வாருங்கள். கரைப் படிகளில் சிவப்புக் கைக்கம்பிகள் இருக்கும். கம்பியைக் கண்டபிறகு கரைக்குத் திரும்பினால் பிந்திவிடும். நல்ல தூரம் முன்னரே சாய்வாக நீந்தி ஒதுங்க வேண்டும். கம்பியைப் பிடித்ததும் ஆறு உடம்பைச் சுழற்றிக் காலைக் கீழ்ப்பக்கம் தள்ளும். அதோடு மல்லுக்கட்டாமல் விட்டுக்கொடுத்து, காலால் படியைத் தேடுங்கள். ஏறியவர் உடனே விலக வேண்டும், பின்னால் வருபவருக்கும் அதே கம்பிதான். தவறவிட்டால் எதிர்நீச்சல் போட்டுக் களைக்காதீர்கள், அடுத்த கம்பி வரும். ஆனால் எப்போதும் அடுத்த கம்பி வராது. மார்ட்சிலியின் கடைசிக் கம்பிக்கும் டல்மாட்சிப் பாலத்துக்கும் அப்பால் ஷ்வெல்லன்மெற்றெலித் தடுப்பணை இருக்கிறது. அதன் சுழலுக்குள் போனவர் தானாக வெளியே வருவது கடினம். புதியவர் மார்ட்சிலி தொடங்கும் முதல் கம்பியிலேயே ஏறிவிடுவது நல்லது.

நம்மவர் பிழைவிடும் இடம் ஐக்ஹோல்ட்ஸ்தான். அங்கே நெருப்பு மூட்ட இடங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முதல்நாளே மிளகாய்த்தூளும் தயிரும் பிரட்டிய கோழியோடு நான்கு குடும்பம் கூடும். பாணும் சம்பலும் பரிமாறி, ஆண்கள் இரண்டு பியர் முடித்த பிறகுதான் "ஒருக்கா இறங்கிப் பாப்பமே" என்ற எண்ணம் வரும். சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின் விதிகள் தடுப்பது இதைத்தான்: நிறைந்த வயிற்றோடு வேண்டாம், மதுவோடு வேண்டாம், தனியே வேண்டாம். இறங்குவதை முதலில் வையுங்கள், கோழி காத்திருக்கும். தூனிலிருந்து ரப்பர் படகில் வருபவர்கள் இரண்டு படகைச் சேர்த்துக் கட்டக்கூடாது. பாலத் தூணில் ஒன்று ஒருபக்கமும் மற்றது மறுபக்கமும் போனால் கயிறுதான் எமன்.

இங்கே ஊறிவிட்டோம், இனி ஊர் நினைவு வராது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆரேக்குச் சரியான பருவம் ஆடிமாதம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆடியமாவாசையன்று கீரிமலையில் பிதிர்க்கடன் முடித்து, கடலில் முழுகி, பிறகு கேணியில் இறங்கினால், மதிலுக்கு அந்தப்பக்கம் உப்பு, இந்தப்பக்கம் நன்னீர். அந்தக் கேணித் தண்ணீர் ஓடாது. இறங்கிய படியிலேயே ஏறலாம். அப்பா எந்தப் படியில் இருந்து முதுகு தேய்த்தாரோ அந்தப் படி அங்கேயே இருக்கும். ஆரேயில் இறங்கிய இடத்தில் ஒருவரும் ஏறுவதில்லை.

பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே நீர்ப் பாதுகாப்புச் சோதனை உண்டு: கரையிலிருந்து உருண்டு ஆழத்தில் விழுந்து, ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதந்து, 50 மீற்றர் நீந்த வேண்டும். ஆனால் அது குளத்துச் சோதனை. ஆற்றுக்குச் சிறுவர் போனால் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் கூடவே நீந்த வேண்டும். பெரும்பாலும் அது தகப்பனாக இருக்கும். தாய் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "கரையோட வா, கரையோட வா" என்று கத்தியபடி பாதையில் கூடவே நடப்பாள். கோடைக்கால ஓட்டம் நடப்பவரை முந்தும். அவள் மார்ட்சிலிக்கு வந்து சேரும்போது பிள்ளை பாதி உலர்ந்து, கடையில் ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நிற்கும்.