தட்டில் கை நனைக்காத கணினி

தங்கையின் சாமத்திய வீட்டு வீடியோவை ஸ்டூடியோக்காரர் ஒரு வன்தட்டில் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரே கோப்பு, 7 ஜிபி. புதுக்குடியிருப்பில் சித்தப்பா வீட்டு விறாந்தையில் கூடியவர்களில் பாதிப் பேர் தங்கள் முகத்தைத் தேட வந்தவர்கள்.

கனடாவிலிருந்து வந்திருந்த மாமா அதைத் தன் ஆப்பிள் மடிக்கணினியில் செருகினார். வீடியோ ஓடியது. தான் எடுத்த படங்களையும் அதில் சேர்க்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு தட்டில் கோப்புகளை எப்படி அடுக்கி வைப்பது என்ற ஒழுங்குதான் கோப்பு முறைமை. ஸ்டூடியோ வன்தட்டில் இருந்தது என்டிஎஃப்எஸ். 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த அந்தக் கோப்பு முறைமையை மேக் வாசிக்கும். தானாக அதில் எழுதாது.

"மச்சானுடைய கணினி எங்கள் வீட்டுத் தட்டில் கை நனைக்காதாம்" என்றார் சித்தப்பா.

ஒட்டுசுட்டான் சீதனக் காணி விடயம் இன்னும் தீராததால் யாரும் சிரிக்கவில்லை. சித்தி மட்டும் தேநீர் போட எழுந்து போனார்.

வவுனியாவில் படிக்கும் தம்பி, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் பக்தன். வீடியோவைத் தன் வன்தட்டில் பிரதியெடுத்துச் சித்தப்பாவின் விண்டோஸ் கணினியில் செருகினான். அது லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறைமையில் இருந்த தட்டு. விண்டோஸுக்கு அது வெறும் புரியாத தட்டு. பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்யவேண்டும், அதாவது உள்ளதை அழித்துப் புதிதாக அமைக்கவேண்டும், செய்யவா என்று கேட்டது. மரியாதையாகக் கேட்டால் எதற்கும் ஆம் சொல்லிவிடுகிற மனிதர் சித்தப்பா. தம்பி பாய்ந்து மவுஸைப் பறித்த வேகத்தை நான் அவனிடம் வயலில்கூடக் கண்டதில்லை.

அடுத்து 32 ஜிபி பென் டிரைவ். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று மறுத்தது.

"முழுக்க வெறுமையாகத்தானே கிடக்கிறது?" என்றார் பெரியம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் அதில் இருந்த ஃபேட்32 என்ற கோப்பு முறைமை, எவ்வளவு இடம் இருந்தாலும், 4 ஜிபியைத் தொடுகிற ஒற்றைக் கோப்பை ஏற்காது.

தம்பி பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறைமைக்கு மாற்றினான். 2006இல் வந்த இதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டபின் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இதற்கு இடம் கிடைத்தது. மூன்று கணினிகளும் வாசித்தன, எழுதின. பலருக்கும் பொதுவான தட்டென்றால் என் தெரிவும் இதுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்காமல் இருந்தால் சரி. எங்கள் வீட்டில் பிடுங்குவதற்கென்றே சிறுவர்கள் இருக்கிறார்கள்.

தொலைக்காட்சிப் பெட்டியோ பென் டிரைவ் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. பழைய பெட்டி, எக்ஸ்ஃபேட் அறியாதது. கடைசியில் மீண்டும் ஃபேட்32. வீடியோவை இரண்டாக வெட்டினான் தம்பி. எந்த இடத்தில் என்று அவன் பார்க்கவில்லை.

முதற்பாகம், தாய்மாமன் தேங்காயை ஓங்குவதோடு முடிந்தது. மாமா கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். ரிமோட் சித்தப்பாவின் கையில்.

"சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பார்ப்போமே" என்றார் சித்தப்பா.