எந்த உண்டியலை உடைப்பது?

வேலையை விட்ட மறுமாதம் வங்கிக்குப் போய் ஒரு டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முறித்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏதாவது அவசரமா மேடம்?" என்று கேட்டாள். "இல்லம்மா, மாசச் செலவுக்குத்தான்" என்றேன். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய டெபாசிட் அது. எனக்குத் தேவைப்பட்டது அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் முழுசாகத்தான் முறிக்க வேண்டியிருந்தது. வட்டியில் ஒரு துண்டு போனது. வெளியே வந்து படியில் நின்றபோது ஏதோ திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது, என் பணத்தையே.

26 வருடம் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். நானூறு பேருக்கு வருமான வரி பிடித்தம் கணக்குப் பார்த்திருக்கிறேன். யாருக்கு எந்த ஸ்லாப், யார் மார்ச்சில் வந்து அழுவார்கள் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். 51 வயதில், சேமிப்பை வைத்தே வாழலாம் என்று வேலையை விட்டபோது, இனி நம் கணக்கு ஒன்றுதானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். முதல் வருடமே சறுக்கினேன்.

இங்கே தொகை எதுவும் எழுதப்போவதில்லை. வாசிக்கிறவர்கள் பல நாட்டில் இருக்கிறீர்கள், என் எண் உங்களுக்கு உதவாது. வீட்டிலும் நாங்கள் பணத்தை வருடத்தில்தான் எண்ணுகிறோம். எங்கள் இருவரின் ஒரு வருடச் செலவு என்பது 1. அப்படிப் பார்த்தால் வேலையை விட்ட அன்று கையில் இருந்தது 29. வங்கி டெபாசிட்டில் 5. மியூச்சுவல் ஃபண்டில் 9. வேலையில் இருந்தபோது வரி கட்டாமல் உள்ளே போன ஓய்வுக்காலக் கணக்கில் 12. வரி கட்டிய பிறகு போட்டு, எடுக்கும்போது வரியே இல்லாத கணக்கில் 3.

29 ஏன் என்று கேட்பீர்கள். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல், 1926 முதலான அமெரிக்கச் சந்தைக் கணக்கை வைத்து, முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்று கண்டார். பிற்பாடு அவரே அந்த விகிதத்தை உயர்த்தியும் சொன்னார். 4 சதவீதம் என்றால் 25 வருடச் செலவு கையில் இருந்தால் போதும். ஆனால் அது 30 வருடத்துக்கான கணக்கு. என் அம்மாவுக்கு இப்போது 84. நான் 45 வருடத்துக்குத் திட்டம் போடவேண்டிய வம்சம். அதனால் 29 வரும்வரை நாற்காலியை விடவில்லை.

எதில் இருந்து எடுப்பது என்பதற்கு எல்லோரும் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. முதலில் சாதாரணக் கணக்குகளைக் காலி செய், அப்புறம் வரி தள்ளிப்போட்ட கணக்கு, வரியில்லாக் கணக்குக்குக் கடைசியில்தான் கை வை. வரி இல்லாமல் வளர்கிறது நீண்ட நாள் வளரட்டும் என்ற நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் அதைக் கேட்டுத்தான் டெபாசிட்டில் ஆரம்பித்தேன். இருப்பதிலேயே சாதாரணம் அதுதானே.

அந்த வருடம் முழுக்க டெபாசிட்டைத் தின்றோம். வருட முடிவில் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தேன். வருமானம் என்று இருந்தது வட்டி மட்டும். கட்டவேண்டிய வரி பூஜ்யம். "பாத்தியா, வரியே இல்ல!" என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வயிற்றில் ஏதோ பிசைந்தது.

வரியே இல்லாமல் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் மிகக் குறைந்த விகிதத்தில் ஓர் அடுக்கு. அந்த வரம்பு வருடத்துக்கு ஒன்று. இந்த வருடம் பயன்படுத்தாவிட்டால் அடுத்த வருடத்துக்குச் சேர்ந்து வராது, ரயில் போன பிறகு கையில் இருக்கும் டிக்கெட் அது. நானோ அதில் கால்வாசிகூட நிரப்பாமல் விட்டிருந்தேன். ஃபண்டில் பல வருட லாபம் குந்திக்கொண்டிருந்தது. கொஞ்சம் விற்றிருந்தால் அந்த லாபம் வரியில்லாமல் அல்லது பெயருக்கு ஒரு வரியோடு வெளியே வந்திருக்கும். நானூறு பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள்!

இதற்கு மேல் ஒரு வேடிக்கை. கணக்கு எல்லாமே என் பெயரில். வீட்டில் பணம் பார்ப்பவள் நான்தான் என்பதால் அப்படியே ஆகிவிட்டது. கணவருக்கும் அதே வரம்பு உண்டு. அதுவும் வருடா வருடம் காலியாகவே போகிறது. அவர் பெயருக்கு மாற்றினால் தீருமா என்றால் சில நாடுகளில் தீரும். சில நாடுகளில் மனைவி கொடுத்த பணத்தில் வரும் வருமானத்தை மனைவி வருமானத்தோடேயே சேர்த்துவிடுவார்கள், இந்தியா அப்படித்தான். இதெல்லாம் முப்பது வயதில் யோசிக்க வேண்டியது. யோசிக்கவில்லை.

இரண்டாவது வருடத்தில் இருந்து கேள்வியையே மாற்றிவிட்டேன். எந்தக் கணக்கை முதலில் காலி செய்வது என்று கேட்பதில்லை. ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வருடத்து 1-ஐ நாலு கணக்கில் எப்படிப் பிரிப்பது என்று பார்க்கிறேன். முதல் பத்தி சந்தை. இரண்டாவது பத்தி வரி வரம்பில் மிச்சம் இருக்கும் இடம். மூன்றாவது பத்தி அந்த வருடம் வரப்போகும் பெரிய செலவு.

வரியை எடுத்துக்கொள்கிறேன். ஒரே 1 தான், எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வரிக்காரர் கண்ணில் அது வேறு வேறு. டெபாசிட்டில் இருந்து எடுத்தால் அசல் அசலாகவே வரும், வட்டிக்கு மட்டும் வரி. ஃபண்டை விற்றால் லாபத்துக்கு மட்டும். என் ஃபண்ட் பழையது. 100-க்கு விற்றால் அதில் 35 நான் போட்டது, 65 லாபம். ஆக 1 எடுத்தாலும் வருமானமாகத் தெரிவது 0.65. லாபத்துக்குத் தனி வரம்பு கொடுக்கும் நாடும் உண்டு, மற்ற வருமானத்தோடு கூட்டும் நாடும் உண்டு. ஓய்வுக்காலக் கணக்கில் இருந்து எடுத்தால் என் விஷயத்தில் முழு 1-ம் வருமானம், ஏனென்றால் போகும்போது வரி கட்டாத பணம். வரியில்லாக் கணக்கில் இருந்து எடுத்தால் 0.

சீக்கிரம் ஓய்வு பெறுகிறவருக்கு இன்னொரு சிக்கல், பூட்டு. என் ஓய்வுக்காலக் கணக்கு 60-இல்தான் திறக்கும். அமெரிக்காவில் 401(கே) என்ற நிறுவன ஓய்வுக்காலக் கணக்கு என்றால் பொதுவாக 59½, அதற்கு முன் எடுத்தால் வரியோடு 10 சதவீதம் அபராதமும், சில விலக்குகள் தவிர. பிரிட்டனில் தனியார் ஓய்வூதியத்துக்கு 55, அது 2028 ஏப்ரலில் 57 ஆகிறது. ஆஸ்திரேலியாவில் ஓய்வுக்காலச் சேமிப்பைச் சூப்பர் என்பார்களே, அதற்கு 60. இந்தியாவில் பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி என்றால் வயதில்லை, 15 வருடம். மொத்தம் 29 இருக்கிறது என்று நான் குதித்ததில் 12 கண்ணாடிப் பெட்டிக்குள். பார்க்கலாம், தொட முடியாது. 51-இல் இருந்து 60 வரை 9 வருடம், வெளியே இருப்பது 17. பாலம் போதுமான நீளம்தான். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வேலையை விடத் தயாராகும் தம்பி தங்கைகளே, முதலில் இந்தப் பாலத்தை அளந்து பாருங்கள்.

அந்த 12 பூட்டிக் கிடக்கிறதே, வளரட்டும் என்று விட்டால் அதிலும் ஒரு வினை. விலைவாசி போக வருடத்துக்கு 5 சதவீதம் வளர்ந்தால் 9 வருடத்தில் அது 18.6. சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் மற்ற மூன்றையும் வழித்துத் துடைத்திருந்தால் 60-க்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு காசும் முழு வருமானம். 51 முதல் 60 வரை கீழ் அடுக்கு காலியாகக் கிடக்க, அதற்குப் பிறகு மேல் அடுக்கில் வரி. அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், 73 வயதில் இருந்து வருடா வருடம் இவ்வளவு எடுத்தே தீர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால்தான் நான் இப்போது, செலவுக்குத் தேவை இல்லாதபோதும், வரம்பில் இடம் இருந்தால் ஃபண்டை விற்று உடனே திரும்ப வாங்குகிறேன். லாபம் பதிவாகிவிடும், என் வாங்கிய விலை உயர்ந்துவிடும், பிற்காலத்து வரி குறையும். பிரிட்டனில் இது இவ்வளவு எளிதில்லை, 30 நாளைக்குள் அதையே வாங்கினால் கணக்கு வேறு மாதிரி ஆகும். உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சந்தை. பணத்தைப் போடாமலும் எடுக்காமலும் அப்படியே விட்டுவைத்தால், எந்த வருடம் ஏறியது, எந்த வருடம் இறங்கியது என்ற வரிசைக்கு மதிப்பே இல்லை. எடுக்க ஆரம்பித்தால் அதுதான் எல்லாம். நோட்டில் போட்டுப் பார்த்தேன். 25 இருக்கிறது. மூன்று வருடம்: ஒன்றில் 30 சதவீதம் இறக்கம், ஒன்றில் 10 இறக்கம், ஒன்றில் 60 ஏற்றம். எதையும் எடுக்காவிட்டால் எந்த வரிசையில் வந்தாலும் கடைசியில் 25.2. இப்போது ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 1 எடுக்கிறேன். 30 இறக்கம், 10 இறக்கம், 60 ஏற்றம் என்ற வரிசையில் வந்தால் மிச்சம் 21.15. அதையே தலைகீழாக்கி, ஏற்றம் முதலில், 30 இறக்கம் கடைசியில் வந்தால் 22.86. அதே மூன்று வருடம், அதே சந்தை, ஒன்றே முக்கால் வருடச் சாப்பாடு வித்தியாசம். நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், நம்ப முடியவில்லை.

அதனால் என் பழக்கம்: ஃபண்ட் தன் உச்சத்தில் இருந்து 15 சதவீதத்துக்கு மேல் கீழே இருந்தால் விற்பதில்லை, டெபாசிட்டில் எடுக்கிறோம். மேலே இருந்தால் ஃபண்டை விற்று, டெபாசிட்டில் விழுந்த பள்ளத்தையும் நிரப்புகிறோம். 15 எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், எனக்குத் தூக்கம் வரும் எண் அது. இந்த டெபாசிட் மெத்தை எல்லாவற்றையும் தாங்கும் என்ற கனவும் எனக்கு இல்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளை அளக்கும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை 2007-இல்தான் மறுபடி தொட்டது, தொட்ட கையோடு விழுந்தது, 2013-இல்தான் அதைத் தாண்டி நிலைத்தது. 5 வருட டெபாசிட் அதற்கு முன்னால் எம்மாத்திரம். அப்படி ஒரு காலம் வந்தால் செலவைத்தான் குறைக்க வேண்டும். எங்கள் 1-இல் 0.2 ஊர் சுற்றல், அதை வெட்டலாம் என்று கணவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பேசி வைத்திருக்கிறோம் அவ்வளவுதான், வெட்டும் நாள் வந்தால் தெரியும்.

டெபாசிட்டையும் இப்போது ஒரே கட்டியாக வைப்பதில்லை. சின்னச் சின்னதாக உடைத்து, இரண்டு மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி போட்டிருக்கிறேன். முறிக்கவும் வேண்டாம், வட்டியில் துண்டும் போகாது. கவுன்ட்டர் பெண்ணுக்கும் கவலை இல்லை.

வரியில்லாக் கணக்கில் இருக்கும் 3-ஐப் பற்றித்தான் வீட்டில் சண்டை. கணவர் அதைத் தொடவே கூடாது என்பார், பொக்கிஷமாம். போன மாதம் கூரை ஒழுகியது. ஆள் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன தொகை 0.3. ஃபண்டில் எடுக்கலாம் என்று நோட்டைத் திறந்தால், இந்த வருடத்துக்கு ஏற்கெனவே விற்றதிலேயே வரம்பு விளிம்பில் நிற்கிறது. இன்னும் 0.3 விற்றால் லாபம் முழுக்க அடுத்த அடுக்கில் விழும். "ஏங்க, அந்தக் கணக்குல எடுத்துடலாம்" என்றேன்.

"அது கடைசியிலதானே எடுக்கணும்?"

"அதுல எடுத்தா வருமானமாவே தெரியாதுங்க. இந்த மாதிரி திடீர்னு வர்றதுக்குத்தான் அது."

கொஞ்ச நேரம் மேலே, ஈரத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை என் கையில் இருந்து வாங்கி, மூன்றாவது பத்தியில் அவர் கையாலேயே எழுதினார்: கூரை, 0.3. பக்கத்தில் சின்னதாக, "திரும்பப் போடணும்" என்று. அந்தக் கணக்கில் திரும்பப் போட முடியாது, சம்பளம் இருந்தால்தான் போட முடியும் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை.