முப்பத்தெட்டரை மணி நேரம்

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

ரியாத் மருத்துவமனையில் செவிலியர் வேலைக்கு ஒப்பந்தக் கடிதம் வந்துவிட்டது. படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 6,000 ரியால். வருமான வரி கிடையாது. தங்குமிடம், மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்து, ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வந்துபோக விமானச் சீட்டு ஆகியவை அவர்கள் பொறுப்பு. வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. கடைசிப் பக்கத்தில், தனியாக வருகிறவர்களுக்கான விடுதி அறை மட்டுமே வழங்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. என் கணவரிடம் வாசித்துக் காட்டியபோது அந்த வரியை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கடன் எட்டு லட்சம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரியாத்துக்குப் பதில் ஜெர்மனிக்குப் போனால் என்ன என்ற கணக்கைப் பாப்பாவின் பழைய நோட்டில் போட்டுப் பார்த்தேன். அங்கே நகராட்சி மருத்துவமனைகளின் ஊதிய ஒப்பந்தப்படி வாரத்துக்கு 38.5 மணி நேரம் வேலை. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிகள், இரவில் மூன்று பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே நேற்றிரவு வென்டிலேட்டரில் இருந்த நால்வரை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டேன். அங்கே இரண்டு டூட்டிகளுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு கட்டாயம்; மருத்துவமனைகள் வேண்டுமானால் அதைப் பத்தாகக் குறைக்கலாம், ஆனால் வேறொரு நாளில் ஈடு செய்ய வேண்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தாய்க்கு 15 நாள், தகப்பனுக்கு 15 நாள், காப்பீட்டிலிருந்து பணத்துடன் விடுப்பு உண்டு. இதை வாசித்ததும் நோட்டை மூடிவிட்டேன், ஏனென்று தெரியவில்லை. மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது.

செப்டம்பர் 17, புதன்

நைட் டூட்டி முடிந்து ஒன்பது மணிக்குப் படுத்தேன். உறக்கத்தில் வென்டிலேட்டர் அலாரம் அடித்தது. எழுந்து உட்கார்ந்து, எந்தப் படுக்கை என்று தேடினேன். எந்த அலாரம் எதற்கு அடிக்கிறது என்று உறக்கத்தில்கூடப் பிரித்தறியும் இந்தக் காதுக்கு, ஜெர்மன் பெண் ஒருத்தி வானொலியில் நிதானமாகப் பேசுவது மட்டும் பிடிபடவில்லை. போன முறை ஜெர்மன் மொழித் தேர்வில் வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் தேறிவிட்டேன். கேட்டலில் 57. தேற 60 வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரியாத்தில் செவிலியராக இருக்கும் அக்கா ஒருவரிடம் பேசினேன். போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு தங்கைகளின் திருமணம், வீடு, தகப்பனாரின் மருத்துவச் செலவு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். அங்கே வேலை மோசம் என்று அவர் சொல்லவில்லை. கருவிகள் நம்முடையதைவிட நல்லவை, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, சேர்ந்து சமைத்துச் சாப்பிட நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பிறகு, “மகன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான், அவனுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டே ஆண்டுகள் என்று சொல்லித்தான் அவரும் போனார்.

செப்டம்பர் 27, சனி

நுங்கம்பாக்கத்தில் தேர்வு எழுதினேன். கேட்டல் மட்டும். ஏதோ நன்றாகவே எழுதியதாகத் தோன்றுகிறது. போன முறையும் அப்படித்தான் தோன்றியது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வார்டில் ஸ்டெதஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்தார்கள். வட்டி 16,000 கட்டியாயிற்று.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று முழுவதும் கணக்கு. இதுவரை ரியாத் என்றால் பணம், ஜெர்மனி என்றால் ஓய்வு என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை. ரியாத் சம்பளம் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.4 லட்சம். சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் போக 1.2 லட்சம் அனுப்பலாம். எட்டு மாதத்தில் எட்டு லட்சமும் அடையும். ஜெர்மனியில் என் செவிலியர் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் சம்பளம்தான்: சொல்லியிருப்பது 2,700 யூரோ. வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்தபின் கையில் 1,850 அளவுக்கு வரும் என்கிறார்கள். ஓர் அறையில் ஒண்டிக்கொண்டு, வீட்டிலேயே சமைத்து, 58 யூரோ ரயில் சீட்டில் போய்வந்தால் 900 மிஞ்சும். அதுவும் தொண்ணூறாயிரத்துக்கு மேல். வித்தியாசம் நான் பயந்த அளவுக்கு இல்லை.

வித்தியாசம் தேதியில்தான் இருக்கிறது. ரியாத்துக்கு நவம்பரில் ஏறிவிடலாம். ஜெர்மனிக்கு மதிப்பெண், சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு, அங்கீகார அலுவலகத்தின் கடிதம், விசா என்று அடுத்த கோடைக்கு முன்னால் நடக்காது. மாதம் இரண்டு ரூபாய் வட்டி அதுவரை காத்திருக்குமா? ஒன்பது மாதத்துக்கு 1,44,000. அந்த 38.5 மணி நேரத்துக்கு இப்போதே நான் கொடுக்க வேண்டிய முன்பணம் அது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றுகிறேன். அந்த 900 யூரோ, பாப்பா இங்கேயே இருந்தால்தான் மிஞ்சும். அவளும் அவரும் வந்தால் அறை போதாது, வீடு எடுக்க வேண்டும். பிள்ளைக்கு அரசு தரும் 255 யூரோ வாடகை ஏற்றத்துக்கே காணாது. அப்படியானால் கடன் அடையும்வரை எங்கே போனாலும் அவளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவள் அருகில் இல்லாதபோது, வாரத்துக்கு மிச்சமாகும் அந்த ஒன்பதரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? உறங்குவேன். அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஒன்று, ஜெர்மனியில் அவளை விட்டிருக்கும் காலத்துக்கு ஒரு முடிவு உண்டு, ரியாத்தில் அந்த முடிவை நானேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அக்காவால் பதினோரு ஆண்டுகளாக முடியாததை நான் எப்படிச் செய்யப்போகிறேன் என்பதுதான் கேள்வி.

அக்டோபர் 8, புதன்

கடைசிப் பக்கத்து வரியை அவரே வாசித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டார். அத்தை மட்டும், “பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன், நீ கவலைப்படாதே” என்றார்கள். அந்தச் சொல்லில் அன்பு இருந்தது. இருந்தும் நெஞ்சு அடைத்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

ரியாத் வேலைக்கு 17ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கிண்டியில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலிருந்து மீண்டும் அழைத்தார்கள். சேவைக் கட்டணம் 35,400. அதை யாரிடமும் கேட்காமல் கட்டிவிடலாம். 2015க்கு முன்னால் தனியார் முகவர்களிடம் லட்சக்கணக்கில் கொட்டிக்கொடுத்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்த வகையில் என் காலம் தேவலை.

அக்டோபர் 14, செவ்வாய்

மதிப்பெண் வரவில்லை. நாற்பது முறை பார்த்திருப்பேன்.

அக்டோபர் 16, வியாழன்

63.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முடிவெடுக்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

விடியற்காலையிலிருந்து பாப்பாவுக்குக் காய்ச்சல், 102. விடுப்பு கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். அத்தை ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மணிக்கு டூட்டி; கிளம்புகிறேன். பதிலை மாலையில் எழுதவேண்டும்.