சமையலறைக்குக் கேட்காத பெல்: குற்றம் பட்டனில் இல்லை

ஒருவழியாக எங்கள் வீட்டு வயர்லெஸ் பெல் சமையலறையில் அடிக்கிறது. போர்ச்சில் கார் நின்றாலும் அடிக்கிறது, அடைமழையிலும் அடிக்கிறது. கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு 20க்கு 70 அடி தெரேஸ் (வரிசை) வீட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டும்தான். முன்னால் கேட் தூணில் பட்டன், 70 அடி தள்ளிப் பின்கோடியில் சமையலறை. நடுவில் கார், இரும்பு கிரில், இரண்டு செங்கல் சுவர், ஃபிரிட்ஜ், ஓர் இரும்பு அலமாரி. அம்மாவுக்குக் காது வேறு கொஞ்சம் மந்தம். பார்சல் கொண்டுவருகிறவர் ஒன்றிரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பெல் அடிக்காவிட்டால் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "பட்டன் பேட்டரியை மாத்து." மாற்றினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. கார் வெளியே போயிருந்தால் ஹாலில் அடிக்கும், கார் வந்து நின்றுவிட்டால் அதுவும் சந்தேகம். பேட்டரி பிரச்சினை என்றால் அதற்குக் காரைப் பார்த்தா கோபம் வரும்?

சரி, பட்டனைத் திறந்தேன். 23ஏ என்று போட்ட 12 வோல்ட் குட்டி பேட்டரி. அதன் உறையை உரித்தால் உள்ளே எட்டுப் பொத்தான் செல்கள் வரிசையாக அடுக்கியிருக்கும், பார்க்காதவர்கள் ஒரு பழையதை உரித்துப் பாருங்கள். சும்மா அளந்தால் எல்லா பேட்டரியும் நல்ல பிள்ளைதான், பட்டனை அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும். அப்படி அளந்தும் 11.6 வோல்ட் காட்டியது. போர்டில் செய்தியைத் தயாரிக்கும் ஈவி1527 வகை சிப் ஒன்று, ஒரு டிரான்சிஸ்டர், அலைவரிசையைப் பிடித்து நிறுத்த, தகரக் குப்பியில் ஆர்433 என்று பொறித்த சா ரெசனேட்டர், ஓரமாக ஒரு செம்புக் கோடு, அதுதான் ஆன்டெனா. அழுத்தும்போது மட்டுமே சிப்புக்கு மின்சாரம் போகிறது, மற்ற நேரத்தில் எல்லாம் தூக்கம். சிப்பின் வெளியீடு ஏறினால் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலை வெளியே வரும், இறங்கினால் அலையே இல்லை. இதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் கிடையாது. பட்டன் தன் வேலையைச் செய்கிறது, கேட்க வேண்டியதுதான் கேட்கவில்லை என்று அப்போதே எனக்குப் பட்டது.

அதனால் பெல்லோடு வந்த ரிசீவரை ஹாலிலேயே விட்டுவிட்டு, சமையலறைக்குத் தனியாக ஒன்று கட்ட இறங்கினேன். ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினி போர்டு, வரும் செய்தியைப் பிரித்து எண்ணாகத் தரும் ஆர்சி-ஸ்விட்ச் நிரல் நூலகம், ஒரு 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர், பளிச்சென்று மின்ன எல்இடி பட்டை, ஒரு பஸ்ஸர். இந்த வேலை செய்கிறவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ரிசீவரின் டேட்டா கால் நானோவின் டி2வுக்கு, அவ்வளவுதான்.

முதலில் போட்டது டிரான்ஸ்மிட்டரும் ரிசீவருமாக ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் அந்தப் பச்சை போர்டு ஜோடியின் ரிசீவர். எல்லோர் வீட்டு இழுப்பறையிலும் ஒன்று கிடக்கும். அதன் டேட்டா காலை இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைக் குறைத்து, பழைய மடிக்கணினியின் மைக் துளையில் செருகி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன். அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பட்டனை யாரும் தொடாதபோதே திரை முழுக்க வெட்டாத புல்தரை மாதிரி கோடுகள். அலை எதுவும் வராதபோது இந்த வகை ரிசீவர் தன் பெருக்கத்தைத் தானே ஏற்றிக்கொண்டு போய் இரைச்சலையே 1, 0 என்று கொட்டும். சூப்பர்-ரீஜெனரேட்டிவ் என்ற பழைய உத்தி இது. ஒரே டிரான்சிஸ்டர் ஊசலாட்டத்தின் விளிம்பில் நின்றுகொண்டு கேட்கிறது. மலிவு, ஆனால் 433க்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் அதற்கு ஒன்றுதான்.

பட்டனை அழுத்தியதும் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கி, ஒழுங்கான பல்வரிசை தெரியும். இந்த இடத்தில் நான் அநியாயத்துக்கு நேரம் செலவழித்தேன், ஆனால் வீண் இல்லை. முதலில் ஒரு குறுகிய துடிப்பு, அதன் பின் அதைப்போல் 31 மடங்கு நீள மௌனம். அதுதான் தொடக்க அடையாளம். அடுத்து 24 பிட். குறுகிய துடிப்பும் மூன்று மடங்கு மௌனமும் வந்தால் 0, மூன்று மடங்கு துடிப்பும் குறுகிய மௌனமும் வந்தால் 1. முதல் 20 பிட் அந்தப் பட்டனின் அடையாள எண், கடைசி 4 பிட் எந்தப் பொத்தான் என்பதற்கு. 20 பிட் என்றால் 10,48,576 எண்கள், ஆகையால் பக்கத்து வீட்டுப் பெல்லோடு மோதுவது அபூர்வம். எண்ணை ஜம்பர் என்ற குட்டி இணைப்புத் துண்டுகளால் அமைக்கும் பழைய பெல்களில்தான், எல்லாம் ஒரே அமைப்பில் கடைக்கு வந்து, தீபாவளி விருந்து நாளில் ஒரு வீட்டில் அழுத்தினால் இன்னொரு வீட்டில் அடிக்கும்.

என் பட்டனில் குறுகிய துடிப்பு சுமார் 350 மைக்ரோ விநாடி. கணக்குப் போட்டால் 24 பிட்டுக்கு 33.6 மில்லி விநாடி, தொடக்கத்துக்கு 11.2. ஆக ஒரு சுற்றுக்கு 45 மில்லி விநாடி போல. பட்டனை ஒரு விநாடி அழுத்தினால் அதே செய்தி 22 தடவை காற்றில் போகிறது. ஆர்சி-ஸ்விட்ச் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எண்ணைக் கையில் தரும். அதனால் முழுதும் ஒழுங்காகக் கேட்டால் விநாடிக்குப் பதினொன்று வர வேண்டும்.

இந்தப் பதினொன்றுதான் என் அளவுகோல். 'அடிக்குது, அடிக்கல' என்று பார்த்துக்கொண்டிருந்தால் எதை மாற்றினால் எது தேறுகிறது என்று ஒருநாளும் தெரியாது. ஒரு விநாடி அழுத்தலில் எத்தனை வந்தது என்று கணினித் திரையில், ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டரில் அச்சிடச் செய்தேன். தங்கச்சி மகன் கேட்டில் நின்று, போனில் நான் சொல்லச் சொல்ல அழுத்தினான். கூலி மைலோ ஐஸ். பச்சை ரிசீவரில் சமையலறையில் கிடைத்தது ஒன்று, இரண்டு, பல தடவை பூஜ்யம்.

அடுத்து ஆர்எக்ஸ்பி6 என்ற சூப்பர்ஹெட் போர்டு. இதில் படிகம் ஒன்று இருக்கும். உள்ளே உண்டாக்கும் அலையோடு வரும் அலையைக் கலந்து, குறுகிய பட்டையை மட்டும் வடிகட்டி எடுக்கும். விலை பச்சை போர்டைவிட இரண்டு மடங்கு, அதாவது இன்னொரு தே தாரேக்கும் ரொட்டி சானாய்க்கும் ஆகிற காசு. மாற்றிப் போட்டதும் நான்கு, ஐந்து என்று ஏறியது. புல்தரையும் பாதி காணாமல் போனது.

ஆனால் ஐந்தில் நின்றுவிட்டது. இங்கேதான் சார்ஜர் மாட்டியது. போன் சார்ஜரில் இருந்து மின்சாரம் கொடுத்திருந்தேன். அதைக் கழற்றிவிட்டு பவர் பேங்கில் ஓட்டினால் எட்டு. திரும்ப சார்ஜரில் ஐந்து. மலிவு சார்ஜர்கள் உள்ளே விடாமல் சொடுக்கிக்கொண்டே இருப்பதால் அந்த அழுக்கு வயர் வழியாக நேரே ரிசீவருக்கு வருகிறது. ரிசீவரின் கால்களுக்கு ஒட்டி 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் 0.1 செராமிக் ஒன்றும் சால்டர் செய்தேன், கொஞ்சம் தேறியது. பரணில் கிடந்த, உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய 9 வோல்ட் அடாப்டரை எடுத்து, 5 வோல்ட்டாகக் குறைத்துச் சீராக்கும் 7805 சிப் வழியாகக் கொடுத்ததும் பவர் பேங்குக்குச் சமமாக வந்துவிட்டது. கனமான பழைய அடாப்டர்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆன்டெனா விஷயத்தில் எல்லோரும் 17.3 சென்டிமீட்டர் என்று ஒப்பிப்பார்கள். ஒளி வேகத்தை 433.92 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் 69 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு. இணையம் போட வந்தவர்கள் விட்டுப்போன லேன் கேபிளில் ஒரு இழையை உருவி வெட்டினேன். சால்டர் புள்ளியில் இருந்து அளக்க வேண்டும், துளையில் போகிற நுனியையும் சேர்த்து. போர்டோடு வரும் சுருள் கம்பியைவிட இது தெளிவாகவே மேல்.

நீளத்தைவிட என்னை அதிகம் ஆட்டிவைத்தது இடம். சமையலறை கேபினட் மேல் வைத்தால் ஒன்பது, கை அகலம் நகர்த்தினால் மூன்று. முதலில் சால்டர் விட்டுப்போச்சோ என்று ஆட்டிப் பார்த்தேன். இல்லை. கேட்டில் இருந்து வரும் அலை ஃபிரிட்ஜிலும் அலமாரியிலும் பட்டுத் திரும்பி நேரே வரும் அலையோடு சேர்கிறது. சேர்ந்து ஓங்கும் இடமும் உண்டு, ஒன்றையொன்று தின்றுவிடும் இடமும் உண்டு. எதிரெதிரே வரும் அலைகளில் இரண்டுக்கும் நடுவே கால் அலைநீளம், அதாவது அதே 17 சென்டிமீட்டர் சொச்சம். கேபினட் நெடுக வெள்ளை மாஸ்கிங் டேப் ஒட்டி, நான்கு விரல் இடைவெளியில் பேனாவால் எண்களைக் குறித்துக்கொண்டே போனேன்: 9, 7, 3, 0, 4, 8, 10. அந்தப் பூஜ்யத்தில் ரிசீவரை ஆணியடித்து மாட்டியிருந்தால், 'மாடல் சரியில்லை' என்று இன்னொன்று வாங்கியிருப்பேன். இப்போது பெட்டி பத்தில் இருக்கிறது. கம்பியைச் செங்குத்தாக நிறுத்தினேன், படுக்க வைத்தால் எங்கள் வீட்டில் ஆறுக்குமேல் போகவில்லை.

பட்டன் பக்கம் செய்தது ஒன்றே ஒன்று. தூணில் கேட்டின் இரும்புச் சட்டத்தை ஒட்டி இருந்ததை, ஒரு மரத்துண்டு வைத்து இரும்பில் இருந்து விலக்கி மாட்டினேன். அருகில் இரும்பு இருந்தால் ஆன்டெனா தன் அலைவரிசையைவிட்டு நழுவும். இதற்கும் ஒரு எண் கூடியது.

கார் நிற்கும்போது எட்டு, போனபின் பத்து. ஒன்று வந்தாலே பெல் அடிக்கும் என்பதால் எட்டு என்பது தாராளம். ஒரே அழுத்தலுக்குத் திரும்பத் திரும்ப அடிக்காமல் இருக்க, ஒருமுறை அடித்தபின் மூன்று விநாடிக்கு எதையும் கண்டுகொள்ளாதே என்று நிரலில் எழுதியிருக்கிறேன். இரைச்சலில் இருந்து தற்செயலாக ஏதோ ஓர் எண் முளைப்பதும் உண்டு, ஆகையால் என் பட்டனின் எண் தவிர வேறு எதற்கும் அது வாய் திறக்காது.

இந்தக் கூத்தில் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் ஒட்டோகேட் (தானாகத் திறக்கும் கேட்) ரிமோட் 330 மெகாஹெர்ட்ஸ், அதனால் இந்த ரிசீவருக்குக் கேட்காது. எதிர்வீட்டு அங்கிளுடையது 433. அவர் காலையில் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் என் திரையில் அதே எண் வந்து நின்றது, தினமும் மாறாமல். பெல்லுக்கு மாறாத எண் இருந்தால் நஷ்டமில்லை, பதிவு செய்து திரும்ப அனுப்பினால் வீணாக ஒரு தடவை அடிக்கும், அவ்வளவே. கேட்டுக்கு அப்படியில்லை. "அங்கிள், ஒவ்வொரு தடவையும் எண் மாறும் ரோலிங் கோட் ரிமோட்டாகப் போடுங்க" என்றேன். "நீ ஏன்டா என் கேட்டை ஒட்டுக் கேட்கிறே?" என்றார். நியாயமான கேள்விதான்.

பொருள் வாங்கும் இடம் கேட்கிறவர்களுக்கு: உதிரிகள் புடு ஜாலான் பாசாரில்தான். ஆன்லைனில் பத்து சென் குறையும், ஆனால் அங்கே 7805ஐக் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஒரே ஒரு கெப்பாசிட்டர் கேட்டாலும் தவுக்கே முகம் சுளிக்காமல் தருவார். ஞாயிற்றுக்கிழமை நம்பிப் போகாதீர்கள், பாதிக் கடை சாத்தியிருக்கும். ஆர்எக்ஸ்பி6 மட்டும் நான் ஆன்லைனில் எடுத்தேன். படத்தில் சூப்பர்ஹெட் காட்டிவிட்டுப் பச்சை போர்டை அனுப்புகிற விற்பனையாளர்களும் உண்டு. போர்டில் படிகம் தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பெட்டிக்கு இன்னும் மூடி இல்லை, தற்போதைக்குப் பழைய ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் அடுத்த ஆசை வந்துவிட்டது: பேட்டரியே இல்லாத பட்டன். அழுத்தும் விசையில் உள்ளே காந்தமும் சுருளும் நகர்ந்து, ஒன்றிரண்டு சுற்று செய்தி அனுப்பும் அளவுக்கு மின்சாரம் உண்டாகும். 22 சுற்று அனுப்பும் பட்டனோடு பழகிய ரிசீவருக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி. ஆர்சி-ஸ்விட்ச் இரண்டு சுற்று கேட்டபிறகே பதில் சொல்லும் என்பதால், அதைவிட்டுவிட்டு ஒரே சுற்றில் முடிவெடுக்கும் டிகோடரை நானே எழுத வேண்டியிருக்கும். பஸ்ஸருக்குப் பதில் நாதஸ்வரம் ஒலிக்க ஓர் எம்பி3 போர்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் ஸ்பீக்கர் வயரை ரிசீவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பத்து ஆறாகிறது. அதைத் தனி டப்பாவில் ஹாலுக்கு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.