கேட்டு வாங்கும் காசு

மாதத்தின் கடைசி வேலை நாளில், மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், எங்கள் ஃப்ளோர் முழுக்க போன்கள் ஒரே சமயத்தில் அதிரும். சம்பளம் ஏறிவிட்டது என்று வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். 11 வருடம் அந்த அதிர்வைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தக் காசை யாரிடமும் போய்க் கேட்டதில்லை. அது எவ்வளவு பெரிய சொகுசு என்பது வேலையை விட்ட மூன்றாம் மாதம்தான் உறைத்தது.

சென்னையில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் இருந்தேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளியாகும் மருத்துவ, இயற்பியல் இதழ்கள் பலவும் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் எக்ஸ்.எம்.எல். என்ற கணினிக் குறியீட்டு வடிவமாகி, பக்கமாகி, ப்ரூஃப் ஆகிக் கப்பலேறுகின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. கால் சென்டரா என்றுதான் கேட்பார்கள். கட்டுரை வந்து விழுந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். அந்தக் கெடுவுக்கு ‘டாட்’ என்று பெயர். கெடு தவறினால் ஒரு மெயில், பிழை விட்டால் இன்னொரு மெயில். நான் பார்த்தது சமன்பாடுகள் மண்டிக் கிடக்கும் இதழ்கள், லேடெக் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில். ஒரு வரிகூடப் புரியாததை ஒரு பிழைகூட இல்லாமல் அடுக்குவதில் கை தேர்ந்துவிட்டது.

யாரோடும் சண்டை போட்டு வெளியே வரவில்லை. நண்பருக்குத் தெரிந்த பதிப்பாளர் ஒருவரின் தமிழ் நாவலுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து லேஅவுட் செய்து கொடுத்தேன். 92ஆம் பக்கத்தில் ஒரு கிழவி சாகிறாள். அடுக்குவதை நிறுத்திவிட்டு அந்த அத்தியாயத்தை முழுக்கப் படித்தேன். 11 வருடத்தில் நான் அடுக்கிய பக்கத்தை நானே படித்தது அன்றுதான். அதிலிருந்து மனசு அலுவலகத்தில் ஒட்டவில்லை. 2018இல் பேப்பர் போட்டேன்.

வெளியே வரும்போது கிடைத்த கிராஜுவிட்டி 1,14,230 ரூபாய். கணக்கு எளிது: அடிப்படைச் சம்பளம் 18,000, அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை 11 வருடத்தால் பெருக்கினால் போதும். ஐந்து வருடம் முடிக்காமல் போகிறவர்களுக்கு இது இல்லை என்பதால், நாலேகால் வருடத்தில் கோபித்துக்கொண்டு கிளம்பும் பையன்களிடம் இன்றும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்கிறேன். நான் கோட்டைவிட்டது இன்ஷூரன்ஸில். கம்பெனியின் குரூப் பாலிசியில் அம்மாவின் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முதல் நாளிலிருந்தே கவர் இருந்தது. ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த அன்றோடு அது போச்சு. புதிதாக எடுத்த பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் நான்கு வருடம் காத்திருங்கள் என்றார்கள். பாலிசியில் இருக்கும்போதே அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் தனிப் பாலிசிக்கு மாற்றித்தரக் கேட்டால், காத்திருந்த காலத்தைக் கழித்துக்கொள்ள வழி உண்டாம். எனக்குச் சொன்னவர் சொன்னது ஏழு மாதம் கழித்து.

சரி, வேலைக்கு வருவோம். தமிழ்ப் புத்தக லேஅவுட் என்றால் ஃபைலைக் கொட்டி எழுத்துருவை மாற்றினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எழுத்தாளர்களில் பாதிப் பேரின் பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்தையவை, ஆளுக்கொரு எழுத்துருவில் இருக்கும். மாற்றியில் போட்டு எடுத்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகக் கிடக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும்விடக் கள்ளத்தனமானது ‘ஔ’. அந்த நாளில் பலர் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்துச் சமாளித்தார்கள். மாற்றிய பிறகும் அது இரண்டு எழுத்தாகவே நிற்கும். ஔவையார் ‘ஒளவையார்’ ஆகியிருப்பார், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் அகப்படமாட்டார்.

அப்புறம் ஃபாரக் கணக்கு. புத்தகம் 16 பக்கம் சேர்ந்த ஃபாரமாகத்தான் அச்சாகும். லேஅவுட் முடித்தால் 179 பக்கம் வரும். “11 ஃபாரத்துக்குள்ள அடக்கிடுங்க தம்பி, 176” என்பார் பதிப்பாளர். மூன்று பக்கத்தை முழுங்க வேண்டும். பத்திக்குப் பத்தி போய், ஒற்றைச் சொல்லோடு முடியும் கடைசி வரிகளைத் தேடிப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். அரை நாள் ஓடிவிடும். என் கூலியோ பக்கத்துக்கு 30 ரூபாய். அரை நாள் கூடுதலாக உழைத்து, சம்பளத்தில் 90 ரூபாயைக் குறைத்துக்கொள்கிற தொழில் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை.

இதெல்லாம் பிடித்துத்தான் செய்கிறேன். பிடிக்காதது, கேட்பது. எங்கள் வீட்டில் காசு கேட்பது கேவலம். அப்பா கைமாற்றுகூட வாங்காதவர். கொடுத்த கைமாற்றையும் திருப்பிக் கேட்காதவர். அந்த வளர்ப்போடு வந்து, வாட்ஸப்பில் “சார் வணக்கம், நலமா?” என்று தட்டி, அதற்கு அடுத்த வரி வராமல் அழித்து, திரும்பத் தட்டி, ஒரு காலைப் பொழுது போய்விடும். பதில்களும் மனப்பாடம். “புக் ஃபேர் முடியட்டும் தம்பி.” புக் ஃபேர் முடிந்தால், “லைப்ரரி ஆர்டர் பில் வரட்டும்.” ஜனவரிக் கண்காட்சிக்காக நவம்பர், டிசம்பரில் 14 புத்தகம் செய்திருப்பேன். காசு பங்குனியில் சொட்டும். அப்போது வேலை இருக்காது.

அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் காசும் கடைகளிலும் நூலக ஆணையிலும் முடங்கித்தான் கிடக்கிறது. ஆனால் பேப்பர் கடைக்காரருக்கு உடனே போகிறது, அச்சகத்துக்குப் பாதியாவது போகிறது. அவர்கள் சரக்கை நிறுத்தி வைக்கலாம். ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்ட பிறகு என் கையில் என்ன பிடி இருக்கிறது? உத்யம் என்ற அரசுப் பதிவைச் செய்துகொண்ட சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் வட்டி என்று 2006ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதிவும் செய்துவைத்திருக்கிறேன். அந்தச் சட்டத்தை ஒரு தமிழ்ப் பதிப்பாளரிடம் எடுத்துச் சொன்னால் காசு வரலாம், அடுத்த புத்தகம் வராது. புத்தகத்துக்கு ராப்பர், அதாவது மேலட்டை, போடும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் பாதி முன்பணம் கேட்க ஆரம்பித்தேன். முதல் தடவை கேட்டபோது குரல் நடுங்கியது. அவர் சாதாரணமாக “ஜிபே நம்பர் அனுப்புங்க” என்றார். ஒருவர் மட்டும் பாக்கிக்குப் பதிலாக ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பிவைத்தார். அதில் மூன்று நான் லேஅவுட் செய்தவை.

பெரிய இடங்களில் வேறு கூத்து. ஒரு கம்பெனிக்கு ஆண்டு மலர் செய்து 45,000க்கு பில் போட்டேன். பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரியான டி.டி.எஸ். 10 சதவீதம் பிடித்து 40,500 போட்டார்கள். நியாயம்தான். வருமான வரிக் கணக்கு காட்டும்போது நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் பார்த்தால் அந்த 4,500 இல்லை. பிடித்தவர்கள் கட்டவில்லை. கட்டாத வரியைக் கட்டச் சொல்லி அவர்கள் அக்கவுண்ட்ஸுக்கு நான் நான்கு மாதம் போன் செய்தேன். சம்பளத்தில் வரி பிடித்ததற்கான ‘ஃபாரம் 16’ சான்றிதழ் மேசைக்கே வந்துகொண்டிருந்த காலத்தில் இதை யார் பார்த்தார்கள் என்றுகூட யோசித்ததில்லை.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து டீச்சரின் செய்தி வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எனக்கு மெய்ப்புப் பார்த்துத் தருகிறவர், பக்கத்துக்கு 8 ரூபாய். “தம்பி, நலமா. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா. அந்த நாவல் அச்சுக்குப் போயாச்சா? சும்மாதான் கேட்டேன்.”

படித்ததும் முகம் சூடாகிவிட்டது. நலமா, சௌக்கியமா, அப்புறம் ஒரு சும்மா. இந்த வரிசையை நான் எத்தனை தடவை தட்டியிருக்கிறேன்! 212 பக்கம், 1,696 ரூபாய். பதிப்பாளர் எனக்குத் தரவில்லை, தந்ததும் டீச்சருக்குத் தரலாம் என்று இரண்டு மாதமாக மனசுக்குள் வைத்திருந்தேன். ஜிபேயில் அப்போதே போட்டுவிட்டு, “மன்னிக்கணும் டீச்சர், தாமதமாகிவிட்டது” என்று எழுதினேன்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. “பணம் வந்தது தம்பி. அதற்கு என்ன அவசரம். 143ஆம் பக்கத்தில் ஔவை இன்னும் இரண்டு எழுத்தாகவே நிற்கிறாள், ராத்திரி ப்ரூஃபைப் புரட்டியபோது பார்த்தேன்.”

ஃபைலைத் திறந்தேன். நின்றாள். அச்சகத்துக்கு போன் போட்டேன்.