சேர்த்த அணு எங்கே அமர்கிறது?

லித்தியம் அயனி மின்கலத்தின் கேத்தோடில், அதாவது நேர்மின்முனையில், ஓரிரு விழுக்காடு வேற்றுத் தனிமத்தைச் சேர்த்ததால் அது நீண்ட நாள் உழைத்தது என்று கூறும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். மாசூட்டல் எனப்படும் இம்முறையில் எனக்குப் பெரும் நம்பிக்கை உண்டு. ஆனால் சேர்த்த அணு எங்கே அமர்ந்தது என்பதைக் காட்டாத கட்டுரையை ஏற்க மனம் வருவதில்லை. இங்கே சிங்கப்பூரில் உள்ள பல்கலைக்கழகங்களில் இத்துறைக்குள் நுழையும் நம் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மின்சார வாகனங்களில் பயன்படும் கேத்தோடு வகைகளுள் ஒன்றில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் ஆகியவை 8:1:1 விகிதத்தில் அடுக்கு ஆக்சைடாக அமைந்திருக்கும். மின்னூட்டத்தின்போது 4.2 வோல்ட்டை நெருங்குகையில் பெரும்பகுதி லித்தியம் வெளியேறிவிடுவதால் அடுக்குகள் சட்டென்று நெருங்குகின்றன. இச்சுருக்கமும் விரிவும் மீண்டும் மீண்டும் நிகழ, துகள்களில் நுண்விரிசல்கள் விழுந்து, மின்பகு திரவம் உள்ளே புகுந்து அரிக்கிறது. மேலும், லித்தியம் அயனியின் ஆரம் 76 பிகோமீட்டர், இரண்டு நேர்மின்சுமை கொண்ட நிக்கல் அயனியின் ஆரம் 69 பிகோமீட்டர். அளவு நெருங்கியிருப்பதால் நிக்கல் லித்தியத்தின் இடத்தில் குடியேறி வழியை அடைக்கிறது.

72 பிகோமீட்டர் ஆரமுள்ள மக்னீசியமும் அதே இடத்தில் அமரக்கூடியதுதான். ஆனால் அதன் மின்சுமை மாறுவதில்லை என்பதால், லித்தியம் வெளியேறிய பின்பும் அடுக்குகளைத் தாங்கும் தூணாக அது நிற்கிறது. அலுமினியம் ஆக்சிஜனை இறுகப் பிணைத்து, சூடேறும்போது அது வெளியேறுவதைக் குறைக்கிறது. அலுமினியம் எலக்ட்ரான் எதையும் தராததால் கொள்ளளவு சற்றே குறையும், ஆயினும் நம் ஊர் வெப்பத்துக்கு அது கொடுக்கத் தகுந்த விலை என்பேன். டங்ஸ்டன் போன்றவையோ பெரும்பாலும் படிகமணிகளின் எல்லையில் தங்கி, உலையில் அவை பருப்பதைத் தடுக்கின்றன.

இடத்தை அறிவது ஏன் முக்கியம் என்பதற்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் மற்றொரு கேத்தோடுப் பொருளின் வரலாறே சான்று. 2023இல் ஜூரோங் தீவில் திறக்கப்பட்ட 285 மெகாவாட்-மணி சேமிப்பு நிலையத்தில் இருப்பதும் இவ்வகை மின்கலமே. 1997இல் அமெரிக்க அறிவியலாளர் ஜான் குட்இனஃப் குழுவினர் அறிமுகப்படுத்திய இப்பொருள் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நையோபியம் முதலியவற்றைச் சேர்த்து அக்கடத்துதிறனைப் பத்துக்கோடி மடங்கு உயர்த்தியதாக 2002இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெட்-மிங் சியாங் குழு அறிவித்தது. 2004இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசரின் குழு, உயர் வெப்பத்தில் கார்பனின் துணையோடு துகள்களின் மேல் உருவாகும் இரும்பு பாஸ்பைடு வலைப்பின்னலே அத்தகைய கடத்துதிறனைத் தரக்கூடும் என்று காட்டியது. அதாவது, படிகத்துக்குள் நிகழ்ந்ததாகக் கருதப்பட்ட மாற்றம் அதன் மேற்பரப்பில் நிகழ்ந்திருக்கலாம். விவாதம் நீண்ட காலம் தொடர்ந்தது.

ஆகவே, வேற்றுத் தனிமம் சேர்க்காத மாதிரி ஒன்றையும் அதே மூலப்பொருள்களால், அதே உலையில், அதே வெப்பத்தில், அதே நேரம் சுட்டு, இரண்டையும் எக்ஸ் கதிராலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் ஒப்பிட்ட பின்னரே மின்கலத்தின் ஆயுளைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.